தோட்ட வேலைக்கு ஊற்றிய தே

மலேசியாவில் கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை தாப்பாவில் தொடங்குகிறது. வளைவு வளைவாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போனால் தானா ராத்தா. அதற்கு முன்பே, ரிங்லெட்டைத் தாண்டியதும், சரிவுகளில் தேயிலைச் செடிகள் தெரியத் தொடங்கிவிடும். கீழே எங்கள் பக்கத்தில், தாப்பாவிலும் பீடோரிலும், ஒரு காலத்தில் பால்மரம், அதாவது ரப்பர்; இன்று பார்க்கும் இடமெல்லாம் செம்பனை. தேயிலை மலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், எங்கள் ஊர்க் கடையில் கிளாஸில் வந்து நிற்கும் தே, அதாவது பால் கலந்த தேநீர், அந்த மலைக் குளிருக்காக உருவானதல்ல. விடியுமுன் கத்தியோடு பால்மரக் காட்டுக்குப் போனவர்களின் பசிக்காக உருவானது. தே குடிப்பது உடம்புக்கு நல்லதா என்று கேட்டால், இலையைப் பற்றிப் பேசுமுன் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

மலையில் தேயிலை வந்த கதை சுருக்கமானது. 1885ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறித்துவைத்தார். ஏறிப்போகச் சாலை இல்லாததால் பல பத்தாண்டுகள் அது அப்படியே கிடந்தது. 1929ல் ஜே. ஏ. ரஸ்ஸல் நிலம் பெற்று, இலங்கையில் பழகிய ஒரு தோட்டக்காரரின் துணையோடு 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933ல் பாரத் தேயிலை வந்தது. அந்தத் தோட்டங்களில் தமிழர் உழைப்பு பெரியது. இன்று கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். விரலால் கிள்ளுவது குறைந்து கத்தரியும் எந்திரமும் வந்துவிட்டன.

தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, நசுக்கி, காற்றில் நிறம் மாறவிட்டு, உலர்த்தி, சலித்துப் பிரிப்பார்கள். பெரிய துண்டு ஒரு ரகம், சிறியது இன்னொரு ரகம், கடைசியில் சல்லடைக்குக் கீழே இறங்குவது தூள். தூள் என்றால் குப்பை என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் இலைதான்; துகள் சிறியது என்பதால் வெந்நீர் பட்டதுமே நிறமும் கசப்பும் துவர்ப்பும் சட்டென்று இறங்கிவிடும். விலையும் மலிவு. காலையில் வரிசையாக ஆள் நிற்கும் கடைக்கு வேண்டியது இதுதான். துணிப்பையில் தூளைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, இறங்கிய சாயத்தைச் சூடாகவே வைத்திருப்பார்கள். ஏழு மணிக்கு நாம் குடிக்கும் சாயம் ஆறு மணியிலிருந்தே ஊறிக்கொண்டிருந்ததாக இருக்கலாம்.

அவ்வளவு துவர்ப்பை வெறுமனே குடிக்க முடியாது. பாலில் உள்ள புரதம் அந்தத் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால்தான் பால் சேர்த்ததும் நாக்கில் கடுப்பு அடங்குகிறது. எங்கள் கடைகளில் பால் என்றால் டின்பால், சீனி சேர்த்துச் சுண்டவைத்து டின்னில் அடைத்த பால். டின்பால் என்றால் சீனி. ஆக, சாயம் கடுமையானால் பால் கூடும், பால் கூடினால் சீனி கூடும். சீனியைக் குறைக்க நினைக்கும் பலர் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்து இழுக்கிறார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

டின்பால் வந்த வழி

லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஐஸ் பெட்டி கிடையாது. இந்த வெயிலில் காய்ச்சாத பசும்பால் மதியம்வரைகூடத் தாங்காது. சிலர் மாடு வைத்திருந்தார்கள். அந்தப் பால் எல்லா வீட்டுக்கும் எட்டாது. டின்பாலில் சீனி அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் கிருமிகள் எளிதில் வளர முடியாது. திறந்த டின்னும் சில நாள் கெடாது, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வைத்தால் சரி. கெயில் போர்டன் என்ற அமெரிக்கர் 1856ல் இதற்குக் காப்புரிமை வாங்கியபோது, பேராக் மாநிலத்துத் தோட்டத்தில் காலி டின்னால் அரிசி அளப்பார்கள் என்றோ, கயிறு கட்டி அதிலேயே கடையிலிருந்து தே வாங்கிப் போவார்கள் என்றோ நினைத்திருக்க மாட்டார்.

பால்மரம் சீவுவது விடியுமுன்னே தொடங்குவதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த வேளையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால் இருட்டிலேயே பெரட்டு என்ற ஆள்கணக்கில் பேர் கொடுத்துவிட்டு, தனக்குரிய மர வரிசையான நிரைக்குப் போக வேண்டும். நூற்றுக்கணக்கான மரங்களுக்குக் குனிந்து நிமிர்ந்து சீவி, அப்புறம் பால் வாளியைச் சுமந்துகொண்டு திரும்ப நடை. உட்கார்ந்து பசியாறுவதற்குள் வெயில் ஏறியிருக்கும். அதுவரை உடம்பை ஓட்டியது வீட்டில் குடித்த ஒரு குவளை இனிப்புத் தேத்தண்ணியோ கோப்பியோதான். அந்த வேலைக்கு அந்தச் சீனி தேவைப்பட்டது. அதைப் பானம் என்பதைவிட முதல் வேளைச் சாப்பாடு என்றே சொல்லலாம்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய் செம்பனை வந்தது, ஆள்தேவை குறைந்தது. பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் லாரிக்கும் காவலாளி வேலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். லயத்திலிருந்து தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்தோம். கிளாஸ் மட்டும் அதே அளவில், அதே இனிப்பில் கூடவே வந்துவிட்டது. வேலை உட்கார்ந்த வேலையாகிவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

டின்னிலும் ஒரு மாற்றம் நடந்தது, பலர் கவனிப்பதில்லை. இன்று மளிகைக் கடையில் டின்பால் என்று எடுக்கும் பலவற்றின் மேல் 'கிரீமர் மானிஸ்', அதாவது இனிப்புக் கிரீமர், என்று எழுதியிருக்கும். பாலின் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்த்துச் செய்தது அது. தோட்டத்தில் குலை வெட்டி ஆலைக்கு அனுப்புகிறோம், அது டின்னில் ஏறி நம் தேயிலேயே திரும்ப வந்து விழுகிறது. விஷம் ஒன்றுமில்லை, ஆனால் பால் குடிக்கிறோம், எலும்புக்கு நல்லது என்ற நினைப்போடு குடிப்பவர்கள் டின்னைத் திருப்பி அட்டவணையைப் படித்துப் பார்ப்பது நல்லது.

இப்போது கணக்கு. டின்பாலில் சேர்த்த சீனி மட்டும் எடையில் ஏறக்குறைய 45 விழுக்காடு. ஒரு கிளாஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 40 கிராம் என்று வைத்தால், சீனி 18 கிராம். இது குறைத்துப் போட்ட கணக்கு. தாராளமாக ஊற்றும் கடைகளில் இன்னும் கூடும். மேலே ஒரு கரண்டி சீனி தனியாகப் போடுவதும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் இப்படிச் சேரும் சீனி சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மூன்று கிளாஸ் போனாலே 54 கிராம். அதில் ஒரு பலகாரம்கூட இன்னும் சேரவில்லை.

மலேசியாவில் 2019ல் நடந்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். தேயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. சோறு இருக்கிறது, நடை குறைந்தது இருக்கிறது, பரம்பரை இருக்கிறது. ஆனாலும் ஒரு நாளில் திரும்பத் திரும்ப, யோசிக்காமலே உள்ளே போகும் சீனி இதுதான். அதே 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் கொண்டுவந்த வரி, தொழிற்சாலையில் அடைத்து விற்கும் பானத்துக்குத்தான். ஒட்டுக்கடை என்ற சாலையோரக் கடையில் கலக்கித் தரும் கிளாஸை அது தொடாது.

இலை செய்வது என்ன

தேயிலையைப் பற்றி நல்ல செய்தியும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஏறக்குறைய 5 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2022ல் வெளியானது. அவர்களில் தேநீர் குடிப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல் கறுப்புத் தேயிலை குடிப்பவர்கள். நாளுக்கு 2 கப் அல்லது அதற்கு மேல் குடித்தவர்களிடம் மரண ஆபத்து, குடிக்காதவர்களைவிட 9 முதல் 13 விழுக்காடு குறைவாகத் தெரிந்தது. பாலோ சீனியோ சேர்த்தவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. இதைப் படித்துவிட்டு நம் ஊர் தே தாரிக்கை, இழுத்து ஆற்றிய பால் தேயை, ஒரு மடக்கு கூடுதலாகக் குடிக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இது கவனித்துப் பார்த்த ஆய்வு. தேநீர்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. அதோடு அவர்கள் சேர்க்கும் பால் கொஞ்சம் பசும்பால், சீனி ஒரு கரண்டி. டின்பால் இரண்டு கரண்டி போட்ட கிளாஸ் அந்தக் கணக்கில் இல்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இரும்புச்சத்து விஷயம். நம் வீட்டுப் பெண்களிடம் ரத்தசோகை சாதாரணமாகக் காணப்படுகிறது, தேக்கும் அதற்கும் உள்ள தொடர்பை அடுப்படியில் யாரும் பேசுவதில்லை. கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றில் உள்ள இரும்பை உடம்பு உறிஞ்சுவதே கடினம். தேயின் துவர்ப்புப் பொருள்கள் குடலில் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு ரத்தத்துக்குப் போகவிடாமல் செய்கின்றன. இதைக் காட்டிய பழைய ஆய்வுகளில் ஒன்று 1975ல் வெளியானது. அதில் கலந்துகொண்டவர்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகருக்கு அருகே சாட்ஸ்வொர்த் குடியிருப்பில் வாழ்ந்த இந்தியப் பெண்கள். அந்த ஊர் இந்தியர்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தவர்கள். தமிழர்களும் அவர்களில் நிறைய. ரொட்டியோடும் சோற்றோடும் தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது கடுமையாகக் குறைந்தது. கடல் தாண்டி நம் சொந்தக்காரர் வீட்டுச் சமையலறையில் நடந்த சோதனை போலத்தான் அதைப் படிக்க முடிகிறது.

இதற்காகத் தேயை விட வேண்டியதில்லை. சாப்பாட்டிலிருந்து தள்ளிவைத்தால் போதும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது. முருங்கைக்கீரையும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு உடனே ஒரு கிளாஸ் தே என்றால் கீரை ஆய்ந்த நேரம் வீண். அந்த இடத்தில் ஒரு துண்டு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ வந்தால் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும். இறைச்சி, மீனில் உள்ள இரும்புக்கு இந்தத் தொல்லை குறைவு. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேயோடு விழுங்கவே கூடாது. வீட்டில் மாத்திரையும் கையில், தேயும் கையில் என்று நிற்பதை நிறையப் பார்க்கலாம். கர்ப்ப காலத்தில் கஃபீனுக்கும் வரம்பு உண்டு: நாளுக்கு 200 மில்லிகிராம். ஒரு கப் கறுப்புத் தேநீரில் சுமார் 40 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். கடைச் சாயம் கடுமையாக இருந்தால் அதற்கும் மேல்.

வெறும் வயிற்றில் கடும் சாயம் குடித்தால் சிலருக்குக் குமட்டும். இரண்டு பிஸ்கட்டோடு குடித்தால் சரியாகிவிடும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தேயில் ஆக்சலேட் இருப்பதை நினைவில் வைத்து அளவாகக் குடிக்கலாம். தே குடித்தால் உடம்பு வறண்டுவிடும் என்பது பொய். வழக்கமான அளவில் அது தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். வெயிலில் குலை வெட்டுகிறவருக்கு சீனி போடாத ஆறிய தே ஓ, அதாவது பால் சேர்க்காத தே, நல்ல பானமே.

சூட்டைப் பற்றி ஒன்று. 65 பாகைக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016ல் வகைப்படுத்தியது. குற்றம் தேயிலையில் இல்லை, சூட்டில். இந்த இடத்தில் தே தாரிக் ஆற்றும் அண்ணனுக்கு நன்றி சொல்லலாம். ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு உயரமாக இழுத்து ஊற்றும்போது தே காற்றில் ஆறுகிறது, பால் கீழே தங்காமல் கலக்கிறது, நுரையும் கட்டுகிறது. இந்திய முஸ்லிம் கடைக்காரர்கள் வளர்த்தெடுத்த இந்தக் கைவேலை இன்று நாட்டின் அடையாளம். நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் சேர்ந்த மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சீனிக் கணக்கு இல்லை, அது வேறு விஷயம்.

மனசு லேசாவது எதனால்

தே குடித்தால் ஒரு தெளிவும் அமைதியும் சேர்ந்து வருகின்றன, கோப்பியில் வரும் படபடப்பு இல்லை என்று பலர் சொல்வார்கள். இதில் உண்மை இருக்கிறது. களைப்பை உணர்த்தும் அடினோசின் மூளையில் ஒட்டும் இடத்தைக் கஃபீன் மறித்துக்கொள்கிறது. அதனால் தூக்கம் கலைகிறது. தேயில் கோப்பியின் பாதி அளவு கஃபீன்தான். கூடவே தியானின் என்ற ஒரு பொருள் தேயிலையில் இருக்கிறது. 1949ல் ஜப்பானில் பச்சைத் தேயிலையில் அதைக் கண்டறிந்தார்கள். அது பதற்றமில்லாத கவனத்துக்கு உதவும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் 100, 200 மில்லிகிராம் கொடுத்தார்கள். நம் கிளாஸில் இருப்பது அதில் சிறு பங்கு.

லண்டனில் 75 ஆண்களை வைத்து நடத்திய ஒரு சோதனையை நான் அதிகம் நம்புகிறேன். ஒரு பாதிக்கு 6 வாரம் கறுப்புத் தேநீர். மறு பாதிக்கு அதே நிறம், அதே சுவை, அதே கஃபீன் உள்ள போலிப் பானம். பிறகு இரு தரப்புக்கும் மன அழுத்தம் தரும் வேலைகளைக் கொடுத்தார்கள். அழுத்தம் இரு தரப்புக்கும் ஒரே மாதிரி ஏறியது. ஆனால் 50 நிமிடம் கழித்துப் பார்த்தபோது, கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் தேநீர்க்காரர்களிடம் 47 விழுக்காடும் மற்றவர்களிடம் 27 விழுக்காடும் இறங்கியிருந்தது. தேநீர் கவலையை வராமல் தடுக்கவில்லை, வந்த கவலையிலிருந்து சீக்கிரம் இறங்க உதவியது. இது நியாயமான அளவு உதவி. அதற்கு மேல் விளம்பரம் சொல்வதெல்லாம் மிகை.

எங்கள் ஊர்க் கடையில் கிடைக்கும் ஆறுதலில் பாதி கிளாஸுக்கு வெளியே இருக்கிறது என்றும் நினைக்கிறேன். தாமானில் அக்கம்பக்கத்தவர் முகம் பார்ப்பதே குறைந்துவிட்டது. ஓய்வுபெற்ற கிராணியும் (தோட்ட எழுத்தரும்) குத்தகைக்குக் குலை வெட்டுகிறவரும் ஒரே மேசையில் அரை மணி நேரம் உட்காருவது தேக்கடையில்தான். அதனால் தேயைக் குறைக்கச் சொல்லும் அறிவுரையைக் கடையை விடச் சொல்லும் அறிவுரையாக ஆக்கிவிடக் கூடாது. கிளாஸில் இருப்பதை மாற்றலாம், நாற்காலி இருக்கட்டும்.

இரவுக் கடை மட்டும் யோசிக்க வேண்டியது. குடித்த கஃபீனில் பாதி கழிய சராசரியாக 5 மணி நேரம் ஆகும். பத்து மணிக்குப் பந்தாட்டம் பார்த்துக்கொண்டே குடித்த தே, அதிகாலை மூன்று மணிக்கும் பாதி அளவில் உள்ளே இருக்கும். தாப்பா வழியாக நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவருக்கு அது வேண்டும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிட வேண்டியவருக்கு வேண்டாம். அந்த நேரத்துக்குச் சுக்கு மல்லி போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் நல்லது; அதில் தேயிலையே இல்லை.

சரி, சீனியைக் குறைக்கும் வழி. வழக்கமாகச் செய்வது 'குராங் மானிஸ்', அதாவது இனிப்புக் குறைவாக, என்று கேட்பது. கடைக்காரரும் பாலைக் குறைப்பார். சாயம் அதே கடுப்பில் இருக்கும். நாலு நாள் குடித்துவிட்டு இது தேயே இல்லை என்று பழைய இனிப்புக்கே திரும்பிவிடுவோம். முதலில் சாயத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். "அண்ணே, சாயம் கொஞ்சமா, பால் கொஞ்சமா" என்றால் இரண்டும் சேர்ந்து இறங்கும், நாக்கு எதிர்ப்புக் காட்டாது. அடுத்து, சீனியில்லாமல் ஆவிப்பால் சேர்த்த தே சி கோசோங். அதற்கும் அடுத்து, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். இஞ்சி தட்டிப் போட்டால் தே ஹாலியா. அந்தக் காரம் இனிப்பு இல்லாத வெறுமையை ஓரளவு மறைக்கும். ஒரேயடியாக நிறுத்துகிறவர்களைவிட, மாதத்துக்கு அரைக் கரண்டி குறைப்பவர்கள்தான் நிலைக்கிறார்கள்.

வீட்டில் போடுவது இதைவிடச் சுலபம். தூளுக்குப் பதில் கொஞ்சம் பெரிய இலை வாங்குங்கள். ரிங்லெட் பக்கம் போகிறவர்கள் யாராவது வாங்கி வரட்டும். கொதித்த நீரை ஊற்றி, மூடி, மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். இலையை உள்ளேயே விட்டுவிட்டால் துவர்ப்பு ஏறும், மறுபடி பால், மறுபடி சீனி. நன்றாக வடித்த மலைத் தேயிலையில் ஒரு மணமும் மெல்லிய இனிமையும் உண்டு. டின்பாலுக்கு அடியில் அது இத்தனை நாளும் மறைந்து கிடந்தது. இலை டப்பாவை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கும் சூட்டுக்கும் மணம் போய்விடும்.

உடம்பு இளைக்க என்று பொட்டலத்தில் விற்கும் தேயைத் தொடாதீர்கள். அவற்றில் சில பேதி மருந்து இலை கலந்தவை. இளைப்பது போலத் தெரிவது தண்ணீர் போவதால். இப்படி உடம்பு இளைக்க விற்கும் பொருள்களில் தடைசெய்யப்பட்ட சிபுட்ராமின் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்ததும் உண்டு. பச்சைத் தேயிலைச் சாற்றை அடர்த்தியாக்கிய மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடும்; கப்பில் குடிக்கும் பச்சைத் தேநீருக்கு அந்தப் பயம் இல்லை.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். சீனி அளவு பார்க்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், தே ஓ கோசோங்தானே, சீனிதான் இல்லையே என்று ஒரு கிளாஸ் குடித்துவிட்டு அரசாங்க கிளினிக் வரிசையில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். கஃபீனும் அளவைக் கொஞ்சம் மாற்றக்கூடும், அதனால் அன்று வெறும் தண்ணீர் மட்டும்தான். ரத்தம் கொடுத்த பிறகு பசியாறிக்கொள்ளலாம். கிளினிக் வாசலுக்கு எதிரே ஓர் ஒட்டுக்கடை இல்லாத ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை.